வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஆகையால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்தப் பக்கங்களை வீட்டு மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஈப்போவில் இருக்கும் என் ஓரகத்தி, "வீட்டில் தமிழே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படி வரும்?" என்று கேட்டார். அதிலிருந்து நானும் என் கணவரும் எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே அவளோடு பேசிவருகிறோம். எங்களோடு இருக்கும் மாமியார் இதனால் வருந்துகிறார். நாங்கள் செய்வது சரிதானா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் நோக்கத்தில் குறையில்லை, அம்மா, வழியைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்று காலை முதல் மாலை வரை மகளிடம் நீங்கள் பேசிய ஆங்கில வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வா, சாப்பிடு, குளி, சத்தம் போடாதே, வீட்டுப்பாடம் முடிந்ததா, போய்த் தூங்கு என்பவற்றைத் தாண்டி அந்தப் பட்டியல் அதிகம் நீளாது. அடுக்களையில் நேற்று கரைத்து வைத்த மாவு இன்று காலையில் ஏன் பொங்கி வழிந்தது, தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவை ஏன் தள்ளிவைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரோடு அப்பாவுக்கு ஏன் மனத்தாங்கல் என்றெல்லாம் பிள்ளை கேட்கும்போது, பதில் சொல்லப் போதிய ஆங்கிலம் இல்லாமல், "பிறகு சொல்கிறேன்" என்று பேச்சை முடித்துவிடுவீர்கள். இழப்பு அந்த இடத்தில்தான் நிகழ்கிறது. காரணம் காட்டுவது, நடந்ததை முன்பின் பிறழாமல் சொல்வது, இரண்டை ஒப்பிடுவது, பெரியவர் சொன்னதை மரியாதையாக மறுத்துப் பேசுவது ஆகிய திறன்கள் குழந்தைக்கு நீண்ட வீட்டுப் பேச்சிலிருந்தே முதலில் கிடைக்கின்றன. அவற்றைத் தமிழில் பெற்ற பிள்ளை ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது புதிய சொற்களைக் கற்றால் போதும். எந்த மொழியிலும் பெறாத பிள்ளையோ சொல்லையும் சிந்தனையையும் ஒருசேரத் தேட வேண்டியிருக்கிறது.

இது நம் மொழிப்பற்றிலிருந்து பிறந்த கருத்து என்று உங்கள் ஓரகத்தி நினைத்துவிடக் கூடாது. யுனெஸ்கோ 1953ஆம் ஆண்டிலேயே, குழந்தையின் தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே ஏற்றது என்ற நிபுணர் அறிக்கையை வெளியிட்டது. கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியில், முதல் மொழியில் வேரூன்றிய படிப்புத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்ற கருதுகோளை முன்வைத்தார். இருமொழிக் கல்வி பற்றிப் பேசுவோர் இன்றும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள். பெற்றோர் இருவரும் ஆங்கிலத்தில் சரளமாகவும் இயல்பாகவும் பேசக்கூடியவர்கள் என்றால் வீட்டில் ஆங்கிலம் பேசுவதால் கேடொன்றும் இல்லை. நீங்களே கடிதத்தில் "எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலம்" என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவு விளக்குகிறேன்.

மாமியாரிடம் மகளைத் திரும்பவும் ஒப்படையுங்கள். அவர் கதை சொல்லட்டும். அவள் மறுகேள்வி கேட்கட்டும். ஆங்கிலத்துக்கென்று இரவில் அரைமணி நேரம் ஒதுக்கி, படம் போட்ட ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை அவளோடு சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள். படத்தில் இருப்பதைப் பற்றித் தமிழில் பேசிவிட்டு, பிறகு ஆங்கில வரியைப் படித்தால் அவளுக்குப் பொருள் விளங்கும். உங்கள் உச்சரிப்பு பிழையாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். இணையத்தில் அந்தக் கதைகளை வாசித்துக் காட்டும் காணொளிகள் ஏராளமாக உள்ளன, அவற்றோடு ஒப்பிட்டுத் தாயும் மகளும் சேர்ந்தே திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: நான் தோட்டத்தில் பிறந்து பால்மரம் (ரப்பர்) சீவியவரின் மகன். எங்கள் காலத்தில் கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வெளுத்துவாங்குவார்கள். லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பிள்ளைகளான எங்களுக்கு ஒரு வாக்கியம்கூடச் சரியாக வராது. நாங்கள் வீட்டில் தமிழ் பேசியதுதானே இதற்குக் காரணம்?
– எழுபதைக் கடந்த வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, அந்தக் கிராணிமார் தங்கள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று சற்று நினைவுகூருங்கள். மலாயாத் தோட்ட அலுவலகங்களில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத் தமிழர்கள். அவர்கள் வீட்டுக்குள் பேசியது மலையாளம் அல்லது தமிழ். அப்படியானால் இரு வீட்டுப் பிள்ளைகளையும் பிரித்தது வீட்டு மொழியாக இருக்க முடியாது. கிராணியின் பிள்ளை பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போனான். கட்டணம் கட்டவும் போய்வரவும் அந்தக் குடும்பத்துக்கு வசதி இருந்தது. மேசையில் ஆங்கிலப் பத்திரிகை கிடந்தது. லயத்துப் பிள்ளைக்கு வாய்த்தது தோட்டப் பள்ளி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்ற விதி 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் வந்து, 1923இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. சட்டம் பள்ளியைக் கொடுத்ததே தவிர, பல இடங்களில் அது ஒரே அறையாகவும், ஒரே ஆசிரியராகவும், சில வேளைகளில் பகலில் கணக்கெழுதும் பணியாளரே ஆசிரியராகவும் இருந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. தோட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் கற்று, அதற்கென நடந்த தேர்வையும் எழுதினார்கள். தொழிலாளியை விரட்டி வேலை வாங்கத் துரைக்குத் தமிழ் தேவைப்பட்டது. தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியத்தை அந்த ஏற்பாடு உண்டாக்கவே இல்லை. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலிருந்து ஸ்டோர் வரை எல்லாம் தமிழிலேயே நடந்துமுடிந்த ஓர் உலகத்தில் ஆங்கிலம் வளர இடம் எங்கே?

பிற்காலத்தில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு முடித்தவர்கள் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டியிருந்தது. அந்த ஓராண்டிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனவர்களை நீங்கள் நேரில் அறிந்திருப்பீர்கள். 1970 முதல் தீபகற்ப மலேசியாவில் ஆங்கிலப் பள்ளிகள் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய் மொழிக்கு மாறின. அதற்கு முன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவருக்குப் பூகோளமும் கணக்கும்கூட ஆங்கிலத்தில்தான் நடந்தன. அதன்பின் வந்தவர்களுக்கு ஆங்கிலம் பல பாடங்களுள் ஒன்றாகச் சுருங்கியது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் 2003இல் வந்தது; அதைக் கைவிடுவதென்று 2009இல் முடிவெடுக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக நீக்கப்பட்டது. இத்தனை திருப்பங்களையும் ஒதுக்கிவிட்டு, லயத்தில் அம்மா பேசிய தமிழின் தலையில் பழியைப் போடுவது நியாயமாகாது, ஐயா.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் சுங்கை சிப்புட்டிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் என்ன மொழி பேசப்படுகிறது, எத்தனை பேருக்கு ஆங்கிலம் தெரியும் என்று கணக்கெடுக்கத் திட்டமிட்டுள்ளது. ஆங்கில வகுப்புகள் நடத்துவது நோக்கம். படிவத்தில் எவ்வெவற்றைக் கேட்பது?
– மன்றச் செயலாளர்

பதில்: நல்ல முயற்சி. பெரும்பாலான கணக்கெடுப்புகள் "உங்கள் வீட்டு மொழி எது?" என்ற ஒற்றைக் கேள்வியிலேயே வழிதவறிவிடுகின்றன. நம் ஊர் வீடுகளில் பாட்டியிடம் பேரன் தமிழில் பேசுகிறான். கைத்தொலைபேசி விளையாட்டில் எதிர்முனையில் இருப்பவனிடம் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுகிறான். தொழிற்சாலை வேலையிலிருந்து வந்த அப்பா முதலாளியின் அழைப்புக்கு மலாயில் பதில் சொல்கிறார். அக்காவும் தம்பியும் சண்டை பிடிப்பது எந்த மொழியில் என்று அவர்களுக்கே தெரியாது. தெலுங்கோ மலையாளமோ பேசும் குடும்பங்கள் வெளியாரிடம் தமிழ் என்றே சொல்லிவிடுவதும் உண்டு. ஆகவே யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார் என்று உறவு உறவாகக் கேளுங்கள்: பாட்டி–பேரப்பிள்ளை, கணவன்–மனைவி, பெற்றோர்–பிள்ளை, பிள்ளைகள் தங்களுக்குள். ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைகளுக்குள் மொழி எங்கே மாறுகிறது என்பது அந்தக் கட்டங்களிலேயே தெரிந்துவிடும்.

"ஆங்கிலம் தெரியுமா?" என்ற கேள்வியை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். வெட்கப்படுபவர் தெரிந்தும் தெரியாது என்பார். கெளரவம் பார்ப்பவர் தெரியாமலே தெரியும் என்பார். அதற்குப் பதிலாக அன்றாடச் செயல்களைக் கேளுங்கள். மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் ஆங்கிலக் குறிப்பைப் படித்து, எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று சொல்ல முடியுமா? வங்கியிலிருந்தோ காப்பீட்டு நிறுவனத்திலிருந்தோ வந்த கடிதத்தை வேறொருவர் உதவியின்றிப் புரிந்துகொள்வீர்களா? வேலைக்கான நேர்காணலில் முன்பு பார்த்த வேலையைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவீர்களா? பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது ஆகிய நான்கையும் தனித்தனியே பதியுங்கள். நம் ஊரில் நன்றாகக் கேட்டுப் புரிந்துகொண்டு பேச வாய்திறக்காதவர்கள் பலர். நம் கல்வி அமைச்சு இப்போது பின்பற்றும் ஐரோப்பிய மொழி அளவுகோலும் ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு நிலைகளை, ஒருவர் அந்த மொழியைக் கொண்டு என்னென்ன செய்ய முடியும் என்பதை வைத்தே விளக்குகிறது. அதைப் பார்த்துக் கேள்விகளை அமைத்தால், பின்னர் வகுப்புகளைத் தரம் பிரிப்பதும் எளிதாகும்.

தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்லாமல் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். எழுதத் தயங்குவோரே உங்கள் கணக்கில் முதலில் விடுபட்டுப்போவார்கள், அவர்களுக்காகத்தானே வகுப்பு நடத்தப்போகிறீர்கள். தோட்டத்தில் இருப்பவர்களோடு நின்றுவிடாமல், தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வெளியேறித் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகள்) மலிவுவிலை அடுக்ககங்களிலும் குடியேறிய குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயர்களை எழுத வேண்டாம். வயதும் வகுப்பும் போதும். வந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு "தமிழ் பேசும் வீடுகளில் ஆங்கிலம் குறைவு" என்று யாரேனும் முடிவு கட்ட முனைந்தால், பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு தொடங்கும்போது வேலை தேடும் இளைஞர்களுக்கு முன்னுரிமை கொடுப்பது நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராவது இருக்கிறார்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகனுக்கு அங்குள்ள குடித்தொகை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறாரா என்று அதில் கேட்டிருக்கிறார்களாம். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலம் தெரியாதவன் என்று கருதிவிடுவார்களோ என்று தயங்குகிறான்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: தயங்கத் தேவையில்லை. அங்கே அந்த வினா மூன்று பகுதிகளாக வருகிறது. வீட்டில் ஆங்கிலமல்லாத வேறு மொழி பேசுகிறாரா என்பது முதலாவது. ஆமென்றால் எந்த மொழி என்பது இரண்டாவது. அவர் ஆங்கிலத்தை எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு மிக நன்றாக, நன்றாக, அவ்வளவு நன்றாக இல்லை, அறவே தெரியாது என்ற நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதல் இந்த மூன்றும் கேட்கப்படுகின்றன. வீட்டில் தமிழ், ஆங்கிலம் மிக நன்றாக என்று ஒருவரே இரண்டையும் பதிவு செய்ய முடியும் என்பதற்காகவே அவை பிரிக்கப்பட்டுள்ளன. "மிக நன்றாக" என்பதற்குக் குறைவாகச் சொல்பவர்களையே ஆங்கிலத்தில் உதவி தேவைப்படக்கூடியவர்களாகக் கணக்கிட்டு, வாக்குச்சீட்டை வேறு மொழியிலும் அச்சிடுவது போன்ற ஏற்பாடுகளுக்கு அந்த எண்ணிக்கையைப் பயன்படுத்துகிறார்கள். விடை அவரவர் சொல்வதுதான், தேர்வெதுவும் இல்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசுபவரிடம் மூன்றாம் கேள்வி கேட்கப்படுவதும் இல்லை, அவருடைய ஆங்கிலம் எப்படி இருந்தாலும்! உண்மையையே எழுதச் சொல்லுங்கள்.

இதே கடிதத்தில், வீட்டில் ஆங்கிலம் பேசினால் ஆங்கிலம் வளரும் என்பதற்குச் சிங்கப்பூரை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அங்கே வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காட்டிலிருந்து 2020இல் 48.3 விழுக்காடாக உயர்ந்தது உண்மை. ஆனால் அங்கே 1987 முதல் எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. அலுவலகமும் நீதிமன்றமும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. பள்ளியிலும் வேலையிலும் குடிகொண்ட மொழி பின்னர் வீட்டுக்குள் நுழைந்தது. வீட்டை மட்டும் மாற்றிச் சிங்கப்பூர் ஆகிவிடலாம் என்று நினைப்பது வரிசையைத் தலைகீழாக்குவதாகும். வீட்டில் தமிழ் குறைந்ததைப் பற்றி அங்குள்ள தமிழர்கள் படும் கவலையையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: படிவம் மூன்றில் இருக்கும் என் மகளுக்கு மலாய் நன்றாக வருகிறது, ஆங்கிலத்தில் மட்டும் தொடர்ந்து தோல்வி. டியூஷனில் கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். படிவம் ஐந்தின் முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் சமாளிப்பாளா?
– செம்பனைத் தோட்டத் தொழிலாளி

பதில்: மலாய் வருவதற்குக் காரணம், அவள் பள்ளியிலும் பாசாரிலும் பேருந்திலும் நாள்தோறும் அதைப் பயன்படுத்துவதே. வீட்டில் மலாய் பேசாமலே அந்த மொழி வந்திருக்கிறது என்பதை அவளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள், நம்பிக்கை பிறக்கும். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். ஆங்கிலத்தையும் 2016 முதல் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக்கும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது மூயட் என்னும் ஆங்கிலத் தேர்வு குறுக்கே நிற்கும். தனியார் வேலைகளில் நேர்காணலே ஆங்கிலத்தில் நடக்கும்.

மனப்பாடத்தை நிறுத்திவிடுவது நல்லது. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள் உள்ளன. நெட்டுருப்போட்ட கட்டுரை, எதிரே இருப்பவர் கேட்கும் கேள்விக்குப் பதிலாகாது. அந்த டியூஷன் பணத்தைப் பேச வைக்கும் வகுப்புக்கு மாற்றிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால், வகுப்புத் தோழியர் இருவரைச் சேர்த்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மாலை ஒரு செய்தியை ஆங்கிலத்தில் படித்து, அதைப் பற்றி ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பிழையோடு பேசட்டும். அன்றன்று நடந்ததைப் பற்றி ஐந்து வரி எழுதி ஆசிரியையிடம் காட்டும் வழக்கமும் உதவும். தோட்டத்தில் குலை வெட்டுவதிலிருந்து லாரியில் ஏற்றுவது வரை நீங்கள் செய்யும் வேலையை அவள் ஆங்கிலத்தில் விவரித்து எழுதினால், மாதிரிக் கட்டுரைகளில் வரும் கடற்கரைச் சுற்றுலாவைவிட அது உயிரோட்டமாக இருக்கும்.

கேள்வி: தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினால் பிள்ளை குழம்பிப்போகாதா?
– இளம் தந்தை, சாலாக்

பதில்: குழம்பாது. சீனர் கடையில் ஒரு மொழி, பாட்டியிடம் ஒரு மொழி என்று மூன்று வயதுப் பிள்ளைகூட ஆளறிந்து மாற்றிப் பேசுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கலக்காத தமிழையும் நாள்தோறும் சிறிது நேரம் அது கேட்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: என் இரு பிள்ளைகளும் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே தமிழ் சொல்லித்தர வழியே இல்லையா? கேட்டால் ஆசிரியர் இல்லை என்கிறார்கள்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட் தாமான் ஒன்றிலிருந்து

பதில்: வழி இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்ய வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்தால் அது அன்றோடு மறந்துபோகும். அப்பள்ளியில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் பிடித்து, பிள்ளைகளின் வகுப்போடு பெயர்களை எழுதி, எல்லாரும் கையொப்பமிட்டு, தலைமையாசிரியரிடம் கடிதமாகக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிவைத்துக்கொண்டு, இன்னொரு நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஆசிரியர் இல்லை என்ற பதில் மறுபடியும் வந்தால், அதையும் எழுத்திலேயே தரச் சொல்லிக் கேளுங்கள்.